மகரக்கட்டுக்குப் பிறகு

தமிழின் நவீன நாடகம் 1977-இல் காந்திகிராமப் பட்டறையில் பிறந்தது என்று தொடங்காத நாடகக் கட்டுரை இப்போது அரிது. அதற்கு முன்பு நடந்ததெல்லாம் பாட்டுக் கச்சேரி, சினிமாவுக்கு ஆள் வளர்த்த நாற்றங்கால், பேசும்படம் வந்ததும் தானாக உதிர்ந்துவிட்டது என்ற தீர்ப்பும் கூடவே வரும். போன பங்குனியில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திடலில், பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போட்ட வள்ளி திருமணத்தைப் பார்த்தேன். அதன்பிறகு அந்தத் தீர்ப்பை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

பார்சிக் கம்பெனிகளின் திரைச்சீலைகள், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை ஆகியவற்றின் கதை வாசகர் அறிந்தது. நான் நிற்க விரும்புவது 1918-இல். அந்த ஆண்டுதான் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாகி, சங்கரதாஸ் சுவாமிகள் அதன் வாத்தியாராக அமர்ந்தார். பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வந்தார்கள், பாடத்தை விட்டு மேடையில் மனம்போனபடி பேசினார்கள். பிள்ளைகளோ பாடத்தை மீறவில்லை. அவர்களில் ஒரு சிறுவனுக்காக அபிமன்யு சுந்தரியைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். அந்தச் சிறுவனே வளர்ந்து, டி.கே. சண்முகமாக, இதைத் தன் வரலாற்றில் எழுதி வைத்தார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் முதல் பாடம் குரல். எட்டு வயதுப் பையன் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, தாளம் தப்பாமல், சொல் சிதையாமல் பாடியாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பிரம்படியும் அரை வயிற்றுச் சோறும் அங்கே இருந்தன என்பதை நான் மறைக்கவில்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனின் ராஜபார்ட் மறுநாளே வேறொருவனுக்குப் போய்விடும். ஆனால் அந்தக் கொடுமையைக் காரணம் காட்டி அந்தக் கல்வியையே குப்பையில் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வரலாற்றில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகம் பிறந்தது திருவனந்தபுரத்தில். கிட்டப்பாவின் செங்கோட்டையும் கலைவாணரின் நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆரின் தாய் வழி ஊர் பாலக்காட்டு வடவன்னூர். அந்தப் பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. நவாப் ராஜமாணிக்கம் தம் கம்பெனிப் பிள்ளைகளை வைத்துப் போட்ட ஐயப்பன் நாடகம்தான் தமிழ்நாட்டில் சபரிமலை பக்தியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. கார்த்திகையில் குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி மலையில் ஏறிப்போகும் மாலைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேரளம் அந்தக் கல்வியை வீணாக்கவில்லை. தமிழ்க் கம்பெனிகளைப் பார்த்த சூட்டில்தான் டி.சி. அச்சுத மேனோன் 1892-இல் சங்கீத நைஷதம் எழுதினார். பிறகு செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதரும் யேசுதாசின் தந்தை அகஸ்டின் ஜோசப்பும் அந்தப் பாட்டு மேடையை ஆண்டார்கள். 1952-இல் கே.பி.ஏ.சி. நாடகக் குழு தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யை அரங்கேற்றியபோது ஓ.என்.வி. எழுத, தேவராஜன் மெட்டமைக்க, கதையைத் தோளில் சுமந்தது பாட்டுதான். பழைய கருவியைப் புதிய அரசியலுக்குத் தீட்டிக்கொண்டார்கள். நாமோ, திராவிட இயக்க மேடையில் அடுக்கு வசனத்துக்கும், சபா மேடையில் துணுக்குக்கும், நவீன மேடையில் உடலசைவுக்கும் பாட்டைப் பலி கொடுத்தோம். காந்திகிராமப் பட்டறையை நடத்த வந்த ஜி. சங்கரப்பிள்ளை மலையாளி. பாட்டு மேடை உயிரோடிருந்த ஊரிலிருந்து வந்தவர். அவரிடம் கற்றவர்கள் அந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை? தெருக்கூத்தைத் தேடிப் புரிசைக்குப் போன நவீன நாடகக்காரர்கள், இன்றும் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் என்ற இசை நாடகம் நடக்கும் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் ஏன் போகவில்லை? கூத்து ‘தொன்மம்’ ஆயிற்று, இசை நாடகம் ‘மலினம்’ ஆயிற்று. இது ரசனையில் வந்த சாதி பேதம் அன்றி வேறென்ன?

கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு இந்தப் பேதம் தெரியாது. வள்ளியாக வந்தவள் பிளஸ் டூ மாணவி. மேடைக்குப் பின்னால் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுவதும் மலையாள எழுத்தில். படித்தது மலையாள மீடியம், வீட்டில் பேச்சு தமிழ், எழுதத் தெரியாது. ழகரம் வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் கோடிட்டிருந்தாள். அந்த ழகரம் ஒன்றுகூட மேடையில் பிசகவில்லை. நாரதரோடு தர்க்கம் வந்தபோது பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுத்தாள். முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவிகள் அவளுக்கு முன்னால் அடியை எடுத்துக்கொடுத்தார்கள். இதைக் கச்சேரி என்பவர் ஒருமுறை அந்த மணலில் வந்து உட்காரட்டும். தர்க்கத்தில் பாட்டை எடுத்துவிட்டால் வள்ளி தோற்றுவிடுவாள். அங்கே அவள் ஆயுதமே அதுதான்.

எனக்கு வேண்டியது நினைவு விழா இல்லை. நாடகப் பள்ளிகள் கால்பெட்டி ஆர்மோனியக்காரர் ஒருவரையும், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் வாத்தியார்களையும் விருந்தினராக அன்றி முழுநேர ஆசிரியராக அமர்த்த வேண்டும். அதுவும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

கொழிஞ்சாம்பாறையில் முருகன் வேடம் கட்டிய பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். வேடனாக வந்து பாடிய முதல் பாட்டின் மேல் ஸ்தாயியில் அவன் குரல் கரகரத்து இரண்டாகப் பிளந்தது. திடல் ஒரு கணம் அடங்கியது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஆர்மோனியக்காரர் அவனைப் பார்க்கவில்லை. மிதியை நிறுத்தாமல், விரலை மட்டும் நகர்த்தி, இரண்டு கட்டை இறக்கினார். அடுத்த அடியைத் தாமே தணிந்த குரலில் எடுத்தார். பையன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே வந்தான், பாட்டை முடித்தான், வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தினைப்புனத்துக்குள் நடந்தான்.