அச்சத்தின் கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவும்

'முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கிடு, லாரி கிளம்பிட்டா படம் பிடிச்சுக்கிடும்' — ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோவின் 'அச்சத்தின் கூலி'யைச் (1953) சிபாரிசு செய்கிற ஃபிலிம் சொஸைட்டி நண்பர்கள் என்னிடம் சொல்லுகிற வாசகம் இது. பட்டாசுக் காட்டில், ஏழாயிரம்பண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு விஷயம் தலைகீழாகப் படுகிறது. லாரி கிளம்புகிற வரைக்கும்தான் இந்தப் படத்துக்குத் தான் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கிறது. கிளம்பிய பிறகு மிகத் தேர்ந்த திகில் படமாகிவிடுகிறது. அந்தத் தேர்ச்சி கூடக்கூட ஒரு கேள்வி கைநழுவிப் போகிறது: அச்சத்துக்கு விலை வைத்தது யார்?

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஜார்ஜ் அர்னோவின் நாவலிலிருந்து எடுத்தது. தென்னமெரிக்காவில் லாஸ் பியத்ராஸ் என்றொரு கற்பனை ஊர் (படம் எடுத்தது என்னவோ தெற்கு பிரான்சில்). வேலை கிடையாது, வெளியேறக் காசு கிடையாது. பல தேசத்து நாடோடிகள் கள்ளுக்கடை வாசலில் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் கிணறு ஒன்று 300 மைலுக்கு அப்பால் தீப்பிடித்து எரிகிறது. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். ஒரு குலுங்கல் போதும், லாரியும் ஆளும் இருக்கமாட்டார்கள். இரண்டு லாரி, நாலு ஆள், தலைக்கு 2000 டாலர். கம்பெனி மானேஜர் ஏன் இந்த நாடோடிகளைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதையும் படம் ஒளிக்கவில்லை. இவர்களுக்குச் சங்கம் கிடையாது, குடும்பம் கிடையாது, செத்தால் கேட்க நாதி கிடையாது. 1955இல் அமெரிக்காவில் வெளியானபோது கம்பெனியைப் பற்றிய காட்சிகளில் கத்திரி விழுந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆக, அந்த 'மெதுவான' ஒரு மணி நேரம் சலிப்பூட்டுவதற்காக வைத்ததல்ல. காத்துக்கிடத்தலே அங்கே ஒரு உற்பத்தி முறை. மனிதன் எத்தனை நாள் சும்மா கிடந்தால் சாவை ஒப்புக்கொள்வான் என்பதற்கான கணக்கு அந்த வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிமெண்டு வேலை பார்க்கும் லூய்ஜிக்கு நுரையீரலெல்லாம் சிமெண்டு என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அவன் லாரியில் ஏறுவது வீரத்தினால் அல்ல. ஏற்கெனவே ஒரு சாவு கையில் இருக்கிறது, இன்னொன்று கொஞ்சம் அதிக விலைக்குப் போகிறது, அவ்வளவுதான். எங்கள் வானம்பார்த்த கரிசலில் மழை பொய்த்த வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் வேன் ஏறிய தலைமுறைக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லாரி கிளம்பிய பிறகு வரும் மெதுவேகம் வேறு ஜாதி. அங்கே மெதுவாகப் போவதுதான் வேலை. வரிவரியாக நெளிந்து கிடக்கும் சாலையில் ஒன்று ஊர வேண்டும், இல்லையென்றால் பறக்க வேண்டும். நடுவேகத்தில் போனால் குலுக்கலில் சாவு. ஒரு லாரி ஊர்கிறது, பின்னால் வருவது பறக்கிறது. மலை வளைவில் உளுத்துப்போன மரமேடைமேல் லாரியைப் பின்னுக்கு எடுக்கிற காட்சியில் ஒவ்வொரு அங்குலமும் உழைப்பு. பாதையை மறிக்கிற பாறையில் துளை போட்டு, பிம்பா கைநடுங்காமல் மருந்தை ஊற்றுகிற காட்சியும் அப்படித்தான். உலக சினிமாவில் உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படங்கள் குறைவு, இதை மறுக்கப் போவதில்லை. பழைய ரவுடி ஜோ பயத்தில் கரைந்துபோகிறான். இந்தக் கூலி ஓட்டுவதற்கு மட்டுமல்ல, பயப்படுவதற்கும் சேர்த்துத்தான் என்கிற அர்த்தத்தில் அவன் பேசுகிற இடத்தில்தான் படத்தின் பெயருக்கே பொருள் பிறக்கிறது.

இதைத் திரி சொருகும் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு மதினியோடு சேர்ந்து பார்த்தேன். கதையை இடையிடையே நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாறைக் காட்சி முடிந்ததும் மதினி கேட்டது: "இவுகளுக்கு மெதுவாப் போறதுக்குல்ல துட்டு. நாம மெதுவாச் செஞ்சா யாரு குடுப்பா?"

எந்தக் கோட்பாட்டுப் பிரதியும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. க்ளூஸோவின் உலகத்தில் பயமும் கூலியும் ஒரே திசையில் இழுக்கின்றன. பயந்து, மெள்ளப் போனால் உயிரும் மிஞ்சும், டாலரும் கிடைக்கும். இங்கே பீஸ் ரேட். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. விதி மெதுவாகச் செய் என்கிறது: மருந்து அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, கலந்ததை அன்றன்றே தீர்த்துவிடு. கூலி வேகமாகச் செய் என்கிறது. பயந்தவள் விரல் நின்றுபோகும். நின்றால் சனிக்கிழமைக் கணக்கில் துண்டு விழும். ஆகவே பயத்தை மறக்கிற திறமைக்குத்தான் இங்கே கூலி. அச்சத்தின் கூலி அல்ல, அச்சமின்மையின் கூலி! பாரதி பாடிய அச்சமின்மை இதுவல்ல, தெரியும்.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணை பக்கத்தில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உரிமம் ஒருவர் பேரில், அறைகள் பலருக்கு உள்குத்தகை என்பது பிறகு வெளியே வந்தது. உள்குத்தகைக்காரன் வாடகைக்கு மேல் லாபம் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் எடுக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதி அப்போது எங்கே நிற்கும்? க்ளூஸோவிடம் ஒரே ஒரு மானேஜர். முகம் தெரிகிறது, திட்டலாம். இங்கே கம்பெனிக்காரர், குத்தகைக்காரர், உள்குத்தகைக்காரர், ஃபோர்மேன் என்று படிப்படியாக இறங்கி வரும்போது முகம் கரைந்து, கடைசியில் மிஞ்சுவது 'உராய்வு' என்ற ஒரே வார்த்தை. 'மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வினால் வெடி விபத்து.' 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவுக்குச் செத்தபோதும் இந்த மாதிரி வாக்கியத்தைத்தான் படித்தோம். இந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. யாரும் உராய்க்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. உராய்வு ஏற்படுகிறது, மழை பெய்வதுபோல.

இங்கிருந்து க்ளூஸோவுக்குத் திரும்பினால் அவருடைய பிற்பாதியும் இந்த எழுவாயற்ற வாக்கியத்தைத்தான் எழுதுகிறது என்பது தெரியும். லூய்ஜியும் பிம்பாவும் சாவதை அவர் காட்டுவதில்லை. பின்லாரியில் ஜோ சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான், தாளிலிருந்த புகையிலை ஒரு காற்றில் பறந்துவிடுகிறது, ஒரு மின்னல், தூரத்தில் புகை. அவ்வளவுதான். கரிக்கட்டைகளைக் க்ளோஸப்பில் காட்டுகிற நம் டிவிக்காரர்கள் இதைப் பார்த்தால் தேவலை. இந்தக் கண்ணியம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கடைசியில் மாரியோ 4000 டாலர் செக்கோடு, செத்த ஜோவின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, ரேடியோவில் வால்ட்ஸ் இசைக்கு லாரியை ஆட்டி ஆட்டி ஓட்டி மலைச்சரிவில் விழுகிறானே, அது எனக்கு ஒப்பவில்லை. சங்கம் இல்லாதவனைத் தேடிப் பிடித்த மானேஜரின் கணக்கில் ஆரம்பித்த படம், மனித வாழ்வின் அபத்தத்தில் போய் முடிகிறது. அபத்தம் என்பது உராய்வுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் போலிருக்கிறது. கம்பெனி தப்பித்துவிட்டது, கான் விழாவும் பெர்லின் விழாவும் அதே வருஷம் தலைப்பரிசு தந்தன.

இன்னொன்று. இந்தப் படத்தில் பெண்ணுக்குத் தரையைத் துடைக்கிற வேலையும் லாரியைப் பிடித்துக்கொண்டு அழுகிற வேலையும்தான். லிண்டா தரை துடைக்கிற காட்சியில் காமிரா துணியைப் பார்க்கவில்லை. ஆபத்து என்றால் அது ஆணின் சோதனைக்களம் என்று முடிவு செய்துவிட்ட பார்வை இது. பெண்களும் ஆண்களும் மருந்தோடு ஒரே கூரைக்குக் கீழே உட்காருகிற இந்த ஊரில் அந்தப் பார்வை செல்லாது. இங்கே வீரத்துக்கு நேரம் இல்லை, பேச்சும் பாட்டும் குழம்புக்கு என்ன வைத்தாய் என்ற விசாரிப்புமாக வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சாதாரணத்தைத் திகில் படமாக எடுக்க முடியுமா என்பதுதான் தமிழில் படம் எடுக்க நினைக்கிற தோழர்கள் யோசிக்க வேண்டியது. வெடிக்கிற காட்சியை முதலில் எழுதிவிட்டு அதை நோக்கிக் கதையை நகர்த்துகிறவரைக்கும் முடியாது என்பது என் அபிப்பிராயம்.

சலம் பென்னூர்க்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) இந்த இடத்தில் க்ளூஸோவைவிட எனக்கு நெருக்கம். ஆவணப்படம்தான். சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியது. அதில் வெடிக்கக் காத்திருக்கிற லாரி இல்லை, வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டுவது அவர்களுடைய வேகத்தினால். அடுத்த வருஷமே, 1991இல், மேனம்பட்டி வெடிவிபத்தில் 39 பேர் செத்தார்கள். அதை ஒட்டித்தான் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது.

'அச்சத்தின் கூலி'யைச் சாத்தூரில் திரையிடலாம் என்று நண்பர்கள் யோசிக்கிறார்கள். பென்னூர்க்கரின் படத்தை முதலில் போடுங்கள் என்றிருக்கிறேன். க்ளூஸோவை வெட்ட வேண்டாம், அந்த முதல் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடவும் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வைக்காதீர்கள், அன்றைக்குச் சம்பளக் கணக்கு. ஞாயிறு மத்தியானம் என்றால் மதினியும் வருகிறேன் என்கிறாள்.