மூட்டையும் வயலும்

'டெடி' கரடி பொம்மைக்குப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிஸிஸிப்பிக்குக் கரடி வேட்டைக்குப் போனார். ஒன்றும் சிக்கவில்லை. வழிகாட்டி ஹோல்ட் காலியர் ஒரு கரடியை மடக்கி, மரத்தில் கட்டிவைத்து ஆள் அனுப்பினார். ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். க்ளிஃபோர்ட் பெர்ரிமேன் அதைக் கார்ட்டூன் போட, பொம்மை பிறந்தது.

கதையின் மிச்சப் பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. நாய்களிடம் கடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்த கரடியைக் கொன்றுவிடச் சொன்னதும் அவர்தான். கத்தியால் கொன்றார்கள்.

ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பித்த 'பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்', வேட்டைக்கு ஒரு தர்மம் வைத்திருக்கிறது: ஃபேர் சேஸ். மிருகத்துக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும். இந்தத் தர்மத்தை வைத்துக்கொண்டுதான் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பல வருஷமாகத் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீனி போட்டு மானை வரவழைத்துச் சுடலாமா, கூடாதா?

டெக்ஸாஸில் கூடும். பீப்பாயில் டைமர் பொருத்தி, குறித்த நேரத்துக்கு மக்காச்சோளத்தைச் சிதறவிடுகிறார்கள். நாலு நாளில் மானுக்கு நேரம் மனப்பாடமாகிவிடும். எதிரே பரணில் துப்பாக்கியோடு ஆசாமி. வேறு பல மாநிலங்களில் இதைச் செய்தால் அபராதம். ஆனால், அதே மாநிலங்களில் மானுக்கென்றே அரை ஏக்கரில் க்ளோவரும் டர்னிப்பும் விதைத்து, அறுவடை செய்யாமல் விட்டு, ஓரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் பெரும்பாலும் தப்பில்லை. அதற்கு 'ஃபுட் ப்ளாட்' என்று பெயர். தீனி வயல். மூட்டையிலிருந்து கொட்டினால் இரை. மண்ணிலிருந்து முளைத்தால் விவசாயம்!

வயல்காரர்கள் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. வயல் மாதக்கணக்கில் நிற்கிறது. முயலும் தேனீயும்கூடப் பிழைக்கின்றன. உழுது விதைத்தவனுக்கு மண்ணைப் பற்றி நாலு விஷயம் தெரியவருகிறது. எல்லாம் சரி. ஆனால், பரணிலிருந்து குண்டு எட்டும் தூரத்தில் ஏன் விதைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் தடுமாறும்.

இன்னொன்று, வயல் போட நிலம் வேண்டும், டிராக்டர் வேண்டும். மிச்சிகனில் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை அரசாங்கக் காட்டுக்குப் போகிறவனுக்கு அதெல்லாம் ஏது? போகிற வழியில் பெட்ரோல் பங்க்கில் ஒரு மூட்டை கேரட் வாங்கத்தான் முடியும். மானைக் கொன்று அவன் ஃப்ரீஸரை நிரப்புவது குளிர்காலச் சாப்பாட்டுக்கு. அவனைப் பார்த்து 'தர்மம் தெரியாதவன்' என்று வயல்காரர் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. தூண்டிலில் மண்புழு கோத்தவனைப் பார்த்து, வலை போட்டவன் முகம் சுளிக்கிற மாதிரி.

அப்படியென்றால் மூட்டைக்குத் தடையே வேண்டாமா? வேண்டும். காரணம்தான் வேறு.

1967-ல் கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்துவைத்த மான்களிடம் ஒரு வியாதி தெரிந்தது. மான் மெலிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடிச் சாகும். ப்ரையான் என்ற கோணல் புரதம் மூளையை அரிக்கிறது. மருந்து கிடையாது. எச்சிலிலும் மூத்திரத்திலும் வெளியேறி, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். இன்றைக்கு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. சோளக் குவியல் என்பது ஊர் மான்களெல்லாம் வாய் வைக்கிற எச்சில் தட்டு. வயலிலும் கூடத்தான் செய்கின்றன. ஆனால், பரந்து மேய்கின்றன. ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்லமுடியாது.

மிச்சிகன் பட்ட பாட்டைப் பாருங்கள். 2008-ல் மாநிலத்தின் கீழ்ப்பாதியில் தீனி வைக்கத் தடை. 2011-ல் தளர்வு. 2019-ல் மறுபடி தடை. 2020-ல் சட்டசபை அதை நீக்க மசோதா நிறைவேற்ற, கவர்னர் விட்மர் வீட்டோ செய்தார். வியாதி என்று அதிகாரிகள் சொல்ல, 'எங்களைக் கேவலமாகப் பார்க்கிறீர்கள்' என்று மூட்டைக்காரர்களுக்குக் காதில் விழுகிறது. இத்தனை வருஷம் தர்மோபதேசம் கேட்ட காது அது. வியாதி பற்றிய நல்ல வாதம், போலி தர்மத்தோடு ஒட்டிக்கொண்டதால் நம்பிக்கை இழந்துவிட்டது. நஷ்டம் மானுக்கு.

போலி என்று ஏன் சொல்கிறேன்? அந்த நாட்டில் வெண்வால் மான்கள் சுமார் 3 கோடி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஓநாயைப் பெரும்பாலான இடங்களில் ஒழித்துவிட்டார்கள். புறநகர்த் தோட்டங்களில் மான் பெருகிவிட்டால், நகராட்சியே குறிபார்த்துச் சுடுகிறவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. அவர்கள் ராத்திரியில் சோளம் தூவித்தான் சுடுகிறார்கள். அங்கே யாரும் ஃபேர் சேஸ் பேசுவதில்லை. நின்று மேயும் மானைப் பக்கத்திலிருந்து சுட்டால் ஒரே குண்டில் விழும். ஓடும்போது சுட்டால் காயத்தோடு காட்டுக்குள் போய்ச் சாகும். மூட்டைக்காரன் இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்கிறான்?

வேட்டைக்காரனுக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ பக்கத்தில் யாரும் இல்லை, மனசாட்சிதான் நடுவர் என்ற பொருளில் ஆல்டோ லியோபோல்ட் எழுதியிருக்கிறார். 1949-ல், அவர் இறந்த மறுவருஷம் வெளிவந்த புத்தகத்தில். அது சரியென்றால், தர்மத்தை மனசாட்சியிடமே விட்டுவிடலாம். சட்டம் வியாதியை மட்டும் பேசட்டும். வயலையும் அதே அளவுகோலால் அளக்கட்டும்.

ரூஸ்வெல்ட் சுட மறுத்ததை நூறு வருஷத்துக்கும் மேலாகப் பொம்மை செய்து விற்கிறோம். அந்தக் கத்தியை மட்டும் யாரும் பொம்மை செய்யவில்லை.