சந்தேகக் கோட்டையின் திறப்பு

ஜோன் பனியனின் மோட்சப் பிரயாணத்தை (1678) தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில், இடையே வரும் தேவாரங்களில்தான் அவருடைய நெஞ்சு கேட்கிறது. கம்பனைப் பின்பற்றிய வர்ணனைகள் களைப்பூட்டுகின்றன. நம்பிக்கை இழந்தவன் பனியனிடமே போகவேண்டியிருக்கிறது.

சந்தேகக் கோட்டையில் அடைபட்ட கிறிஸ்தியானுக்கு அரக்கன் சொல்லும் உபாயம் தற்கொலை. புதன் காலை முதல் சனி இரவுவரை அன்னமில்லை, தண்ணீரில்லை. வாக்குத்தத்தத் திறப்போ அவன் மடியிலேயே கிடந்தது. சான் ரமோனில் நான் கேட்ட பிரசங்கங்கள் திறப்பைத் தூக்கிக் காட்டிவிட்டு அந்த நாலு நாளைத் தாண்டிவிடுகின்றன. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் விமானக் குண்டு விழுந்தது. தப்பியவர்களுக்கு நாலு நாள் முடிந்துவிட்டதென்று யார் சொல்வது? சிறையிருந்த பனியன் அவசரப்படவில்லை. வெளி இரும்புக்கதவின் பூட்டு மிகக் கஷ்டப்பட்டே திறந்தது என்றும் எழுதிவைத்தான்.