மாவுக்கட்டின் மேல் ஓவியம்

மெக்சிகோ நாட்டு ஓவியர் பிரீடா காலோ 1954 ஜூலை 13 அன்று மறைந்தார். அவருடைய உடைமைகளில் ஒரு பகுதியை, அவர் கணவரும் ஓவியருமான தியேகோ ரிவேரா, கோயோகானிலுள்ள ‘நீல இல்ல’த்தின் குளியலறையில் வைத்துப் பூட்டச் செய்தார். 2004ஆம் ஆண்டில்தான் அக்கதவு திறக்கப்பட்டது. உடைகள், மருந்துகள், ஊன்றுகோல்கள் ஆகியவற்றோடு, நொறுங்கிய முதுகெலும்பைத் தாங்க அவர் அணிந்த கார்செட்டுகளும் வெளிவந்தன. மாவுக்கட்டினாலான சில கார்செட்டுகளின் மீது அவரே வண்ணம் தீட்டியிருந்தார். 2018இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘வலியை வென்ற வீராங்கனை’ என்ற ஒரே பல்லவியைப் பாடுகின்றனர். இப்பல்லவி எனக்கு உடன்பாடன்று. அவர் வலியை வெல்லவில்லை. இறக்கும் வரை வலி அவரோடு இருந்தது. அந்த வண்ணங்களுக்கு வேறு பொருள் உண்டு.

ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய வலக்காலை மெலிவித்தது. 1925 செப்டம்பர் 17 அன்று, பதினெட்டு வயதில், அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் வண்டி மோதியது. இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று இடுப்பை ஊடுருவிச் சென்றது. முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. பின்னர் முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். 1944 தொடங்கிப் பத்தாண்டுகளில் அவர் அணிந்த கார்செட்டுகள் 28 என்று 1983இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேடன் ஹெரேரா கணக்கிடுகிறார். ஒன்று எஃகு, மூன்று தோல், எஞ்சியவை மாவுக்கட்டு. ஈரச் சுண்ணத்தில் தோய்த்த துணியை உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவர். காய்ந்ததும் அது ஓடாகிவிடும். உள்ளே வியர்வையும் அரிப்பும். நிமிரவும் குனியவும் இயலாது. அசையாது கட்டுண்ட தசைகளோ நாளடைவில் மேலும் வலுவிழக்கும்.

கார்செட் என்ற சொல் நமக்குப் புதிதாயினும் பொருள் புதிதன்று. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகளையும் தக்காளிப் பெட்டிகளையும் ஆண்டுக்கணக்கில் சுமந்து இடுப்பு நொந்தவர்கள் மருத்துவர் சொற்படி அணிகின்ற ‘பெல்ட்’ அதன் எளிய தம்பி. ஆண்கள் அதைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு நடமாடுவர். பெண்களோ சேலைக்குள் மறைத்துக்கொள்வர். ‘அவள் பெல்ட் போட்டிருக்கிறாள்’ என்னும் செய்தி பெண் பார்க்க வருவோர் காதில் விழுந்துவிடலாகாது என அஞ்சும் வீடுகளும் உண்டு. நோவைவிட நோவு தெரிந்துவிடுமோ என்னும் கவலை நம் பெண்களுக்குப் பெரிது.

பிரீடா மறைத்தாரா, காட்டினாரா? விமர்சகர்கள் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகின்றனர். ‘தம் ஊனத்தை உலகின் முன் துணிந்து காட்டினார்’ என்பது அவர்கள் கூற்று. ஆனால் தெருவில் இறங்கும்போது தெவானா மகளிரின் தொளதொளத்த மேலாடை அந்தக் கட்டை மூடியிருந்தது. அதில் அவர் தீட்டியவை பெரும்பாலும் படுக்கையறைக்கும் மருத்துவமனை அறைக்கும் உரியவை. பார்த்தவர்கள் மிகச் சிலர். 1950இல் மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தபோது, வண்ணப் பெட்டியை மருத்துவர்கள் அப்புறப்படுத்திய நாள்களில், அவர் அயோடினையும் உதட்டுச் சாயத்தையும் கொண்டு கட்டின்மீது தீட்டினார் என்கிறார் ஹெரேரா. அவருடைய உடம்பை அறுத்தவர்கள் மருத்துவர்கள், கட்டியவர்களும் அவர்களே. ‘இந்த உடம்பைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று உண்டு’ என்பதே அந்தக் கோடுகளின் பேச்சாக எனக்குப் படுகிறது.

அவற்றுள் ஒரு கார்செட்டின் மார்புப் பகுதியில் சிவப்பு அரிவாளும் சுத்தியலும் உள்ளன. அடிவயிற்றுப் பகுதியில் ஒரு கரு. முதல் சின்னம் கத்தோலிக்க வாசகருக்கு உறுத்தலாம். பிரீடா பொதுவுடைமையாளர், பக்தி மிக்க தாய்க்குப் பிறந்தும் திருச்சபையை விட்டு விலகியவர். அதை மழுப்பி அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்வது நேர்மையாகாது. ஆயினும் இரண்டாவது சின்னத்தின் முன் நாம் நின்றே ஆகவேண்டும். 1932இல் டெட்ராய்ட் நகரில் அவருடைய கரு கலைந்தது. அவருக்குக் குழந்தையே பிறக்கவில்லை. வேளாங்கண்ணியில் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டும் நம் பெண்கள் வெறுமையை நம்பிக்கையாக மாற்றிக் கட்டுகிறார்கள். அவரோ நம்பிக்கை தீர்ந்த இடத்தில், வெறும் வயிற்றுக்கு மேலேயே, இல்லாத பிள்ளையை எழுதி வைத்தார். இதை அலங்காரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கலையின் வேரும் நமக்கு அந்நியமன்று. நோய் நீங்கியவர்கள், விபத்தில் பிழைத்தவர்கள் சிறு தகட்டில் அந்நிகழ்ச்சியை வரைவித்து, கீழே நன்றி எழுதித் திருத்தலத்தில் மாட்டுவது மெக்சிகோ வழக்கம். அத்தகைய நேர்த்திப் படங்களைப் பிரீடா நூற்றுக்கணக்கில் சேர்த்தார். தம் விபத்தைப் போன்ற விபத்தைக் காட்டிய பழைய படமொன்றில் தம்முடைய கூடிய புருவங்களைத் தீட்டி, வியாகுல அன்னைக்குத் தம் பெற்றோர் நன்றி சொல்வதாக எழுத்தும் சேர்த்தார். வேளாங்கண்ணிக் காணிக்கை அருங்காட்சியகத்தில் நாம் காணும் கண், கை, கால் உருவங்களும் நன்றிக் கடிதங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அங்கு நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. குணமானவர்களின் சுவர் இது. குணமாகாதவர்களின் சுவர் எங்கே? புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார், முள் நீங்கவில்லை. அவர் எந்த உருவத்தைக் காணிக்கையாக வைத்திருப்பார்? பிரீடாவின் மாவுக்கட்டு, நேர்த்திப் படத்தின் வடிவில் அமைந்து, நன்றிக்குரிய செய்தி எதுவுமில்லாத ஒன்று.

வலியால் புலம்புவோரிடம் ‘ஆண்டவருக்கு ஒப்புக்கொடு’ என்று சொல்லிவிட்டு நகர்வது நம்மிடையே எளிதாகிவிட்டது. 1984 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தைக் குறித்து எழுதிய திருமடல் இத்தனை எளிதாகக் கடந்து போகவில்லை. குற்றமற்ற யோபுவின் துன்பத்தைத் தண்டனையாகக் கருதிய நண்பர்களின் வாதத்தை அது மறுக்கிறது; நல்ல சமாரியரின் முன் நம்மை நிறுத்துகிறது. யோபுவும் வாய் மூடியவரல்லர். அவருடைய முறையீடு விவிலியத்தில் இடம்பெற்றிருக்கிறது என்பதை ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் மறந்துவிடுகிறோம்.

‘உடைந்த தூண்’ (1944) அவருடைய புகழ்பெற்ற ஓவியம். பிளந்த உடம்பினுள் முதுகெலும்பின் இடத்தில் சிதைந்த கல்தூண், உடம்பை இறுக்கும் எஃகுக் கார்செட், மேனியெங்கும் ஆணிகள், இடையில் வெண்துணி. புனித செபஸ்தியாரின் சொரூபத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு விளக்கம் தேவையில்லை. எனினும் அதில் துன்பம் சற்றே எழிலாக நமக்கு முன் நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தீட்டிய ‘நம்பிக்கை மரம்’ ஓவியத்தை நான் மேலாக மதிக்கிறேன். அறுவை செய்த முதுகைக் காட்டி ஒருத்தி படுத்திருக்க, மற்றொருத்தி சிவப்பாடை உடுத்து, கழற்றிய கார்செட்டைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். இருவரும் பிரீடாவே.

1953 ஆகஸ்டில் அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்தனர். பொய்க்காலுக்கென அவர் சிவப்புக் காலணி ஒன்று செய்வித்து, அதில் பூவேலைப்பாட்டையும் சிறு மணிகளையும் வைத்துத் தைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு ஜூலை வரை அதை அணிந்தார்.