மனத்தை அளக்கும் கோலில் சுழிப்பிழை

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இத்துறையில் நம் நாடு மேற்கொண்ட பெருமுயற்சிகளுள் ஒன்று. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில், 18 வயது நிரம்பிய 34,802 பேரை நேரில் கண்டு வினவினர். நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்கின்றனர் என்றும், குறையின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அது அறிவித்தது. மனநல மருத்துவம் பற்றிய பேச்சுகளில் இவ்வெண்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

இத்துணைப் பெரிய ஆய்வைக் குறை கூறலாமா? கூறலாம். ஓர் அளவீட்டை நாம் மதிக்கிறோம் என்பதற்கு அடையாளமே, அதன் பிழையைத் தேடிப் பார்ப்பதுதான்.

இருவகைப் பிழைகள்

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியால் ஒரு கோளத்தின் விட்டத்தை அளக்கிறோம். 10 முறை அளந்து சராசரி கண்டால், கண்ணும் கையும் செய்யும் சிறு பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆனால் தாடைகள் சேர்ந்திருக்கும்போது கருவி சுழியைக் காட்டவில்லை என்றால் என்ன ஆகும்? 10,000 முறை அளந்தாலும் அப்பிழை அப்படியே நிற்கும். இதைச் சுழிப்பிழை என்கிறோம். 34,802 என்னும் பேரெண் முதல்வகைப் பிழையைக் குறைக்கும். சுழிப்பிழையைத் தொடவும் தொடாது.

அம்பத்தூரில் சோதித்துப் பார்ப்போம்

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் தொழிற்கூடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் பலர் வேலை செய்கின்றனர். 2020 ஊரடங்கில் இவர்களைப் போன்றோர் வேலையும் கூலியும் இழந்து அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சிப் பலர் ஊருக்கு ரயிலேறினர். இவர்களின் மனச்சுமையை அந்த அளவுகோல் காட்டுமா?

முதலாவதாக, ஆய்வின் அலகு குடும்பம். ஓர் அறையில் பலராகத் தங்கி, சில மாதங்களில் இடம் மாறுவோர், வீட்டுக் கணக்கிலிருந்து எளிதில் நழுவிவிடுவர்.

இரண்டாவதாக, வினாக்கள் அந்தந்த மாநில மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் வாழும் ஒடியா மொழியினருக்கும் சந்தாலி மொழியினருக்கும் இது எவ்வகையில் உதவும்?

மூன்றாவது குறை நுட்பமானது. உறக்கம் கெட்டதா, பசி குறைந்ததா, களைப்பு மிகுந்ததா என்பவை மனச்சோர்வைக் கண்டறியக் கேட்கும் வழக்கமான கேள்விகள். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும் தொழிலாளி மூன்றுக்கும் ‘ஆம்’ என்பார். அது நோயின் அடையாளமா, இரவு வேலையின் விளைவா? மறுபுறம், உண்மையிலேயே துயருறும் ஒருவர் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று மட்டும் சொல்லி, நோயற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். ஒரே கருவி ஓரிடத்தில் மிகையாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் காட்டுகிறது!

திருத்த முடியாதா?

முடியும். ஜிம்பாப்வேயில் 1990களில் விக்ரம் பட்டேல் முதலிய ஆய்வாளர்கள் ஐரோப்பிய வினாத்தாளை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. ஷோனா மொழியினர் தம் துயரைச் சொல்லும் சொற்களையே திரட்டி வினாத்தாள் அமைத்தனர். அச்சொற்களுள் ஒன்று ‘குஃபுங்கிசிசா’; அளவுக்கு மீறி எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது பொருள். அந்நாட்டில் 2006இல் தோன்றிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலைய வளாகத்து இருக்கையில் அமர்ந்து, அதே மொழியில் ஆறுதலும் வழியும் கூறினர். 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், ஆறு மாதங்களுக்குப் பின் இவ்வுதவி பெற்றோரிடம் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2016இல் அம்முடிவு வெளியாயிற்று.

ஒவ்வொரு மொழியினருக்கும் தனி ஆய்வு நடத்தப் பணம் ஏது என்று கேட்பர். வெப்பமானியில் அளவு குறிக்க உலகிலுள்ள எல்லாப் பொருள்களையுமா சூடேற்றுகிறோம்? உருகும் பனிக்கட்டி, கொதிநீராவி என்னும் இரு நிலைப்புள்ளிகள் போதும். அதுபோல, ஒரு மொழியினருள் நோயுற்றோர் சிலரையும் நலமுள்ளோர் சிலரையும் அம்மொழி அறிந்த மருத்துவர் நேரில் தேர்ந்தறியட்டும். வினாத்தாள் அவ்விரு சாராரையும் சரியாகப் பிரிக்கிறதா எனப் பார்க்கட்டும். இதற்குச் சில நூறு பேர் போதும். தொழிலாளர் வரும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலேயே இதைத் தொடங்கலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், வேறுபாடின்றி எவரும் சிகிச்சை பெறும் உரிமையை வழங்குகிறது. ஆனால் எத்தனை மருத்துவர், எந்த மொழியில் ஆலோசகர் என்பதை முடிவு செய்யக் கணக்கு வேண்டும். கணக்கில் வராதவருக்கு மருத்துவரும் வரமாட்டார். அடுத்த ஆய்வை நடத்துவோர் மேலும் ஆயிரம் பேரைச் சேர்ப்பதற்கு முன், கருவியின் சுழியைச் சரிபார்ப்பார்களாக!