கணினிக் களத்திற் கண்டி: இராசதந்திரம் பற்றிய ஒரு நோக்கு

முறைவைத்து ஆடப்படும் கணினித் தந்திரோபாய விளையாட்டுகளைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. வரலாறு எவ்வாறு இயங்குகின்றது என்பது பற்றிய கருத்துநிலையொன்றை இளைஞர்க்கு ஊட்டும் எதனையும் புறக்கணித்தல் இயலாது என்பதே எமது நிலைப்பாடு. 1991இல் சிட் மையர் தொடக்கிவைத்த 'சிவிலைசேஷன்' வரிசையின் ஆறாம் ஆக்கம் (2016) எமக்கு நேரடியாகவே உரியது. அதிற் கண்டி இடம்பெறுகின்றது.

பேரரசாக அன்று, 'நகர அரசு' என்னும் சிறுவகையுள் ஒன்றாக. ஆடுபவர் கண்டியாக நின்று ஆட முடியாது. அதற்குத் தூதரை அனுப்பலாம். குறைந்தது மூன்று தூதரை, பிறர் எவரினும் மிகுதியாக, அனுப்பியவர் அதன் மேலாதிபதி ஆகின்றார். பின்னர்ப் பொன் கொடுத்து அதன் படையையும் இரவல் பெறலாம். அம்மேலாதிபதி இயற்கை அதிசயமொன்றைக் கண்டறியுந்தோறும் அவருக்குப் புனிதச் சின்னமொன்று கிடைக்கும். தந்ததாதுவை உடையோனே ஆளும் உரிமை உடையோன் எனக் கருதிய ஓர் அரசை, பிறருக்குச் சின்னம் வழங்கும் பண்டசாலை ஆக்கியமை விந்தையே.

கணினி நடத்தும் பேரரசுகளுடனான இராசதந்திரம் இதனினும் விரிவானது. ஒவ்வொரு தலைவருக்கும் விருப்பு வெறுப்புகள் உள. தூதுக்குழு, பொது எதிரி, முறிந்த வாக்குறுதி என யாவும் கூட்டலாகவும் கழித்தலாகவும் திரையில் எழுதப்படுகின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் தொடக்கத்திலேயே நட்பை உறுதிசெய்து, மிகுபொருளை விற்று, அயலார் இருவரைப் பொருதவிட்டுத் தாம் வளர்வர். இதில் நுட்பமும் சுவையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இங்கே எதிரியின் மனத்தை அன்று, அவனது கணக்கேட்டையே வாசிக்கின்றோம்.

உண்மைக் கண்டியோ இருநூறாண்டுக்கும் மேலாக இராசதந்திரத்தாலேயே பெரிதும் நிலைத்தது. 1638இல் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளிற் காவற்படை வைப்பது அரசன் விரும்பின் மட்டுமே எனப் பொருள்படும் தொடர் போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. போர்த்துக்கேயர் போயினர், ஒல்லாந்தர் தங்கினர். விளையாட்டில் இத்தகைய உடன்படிக்கை தோன்றவே முடியாது. அங்கே ஒப்பந்தத்திற்கு ஒரே பிரதி. அதற்கு ஒரே பொருள். வலியவன் சொல்லைத் திரிக்கும் இடத்திலேயே இராசதந்திரம் மெய்யாகத் தொடங்குகின்றது என்பதை அவ்வாக்கம் அறியாது.

1762இல் சென்னையிலிருந்து ஆங்கிலேயத் தூதர் பைபஸ் கண்டிக்கு வந்து, உதவி எதனையும் உறுதிசெய்யாது மீண்டார். 1765இல் ஒல்லாந்தர் கண்டியுட் புகுந்தனர். மறு ஆண்டின் உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் பறிபோக, உப்புக்கும் அவர் தயவை நாடவேண்டியதாயிற்று. 1815இன் வீழ்ச்சி வேறு வகையினது. எஹெலேபொல முதலிய நிலமானியத் தலைவர் தம் அரசனைக் கைவிட்டனர். கணினியின் அரசோ ஒரே மனம் உடையது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே நலன் முரண்படுதல் அதன் கணக்கில் இல்லை. வர்க்கங்கள் அற்ற அரசுகளின் வரலாறு எத்தகையது என்பதை வாசகரே உய்த்துணர்வர்.

கண்டி நகருக்கு அண்மையில், முஸ்லிம்கள் செறிந்துவாழும் மடவளையிலிருந்து நோக்குவோர்க்குப் பிறிதொன்றும் புலப்படும். கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் பலர் 'மடிகே' எனும் போக்குவரத்துப் பகுதியைச் சார்ந்து, பொதிமாட்டுத் தவளங்களில் மலைநாட்டையும் கரையோரத்தையும் இணைத்தவர். அரசரின் செய்தியும் அவர்கள் வழியே சென்றதுண்டு. தூது என்பது மொழி அறிந்த, வழி அறிந்த மனிதரின் உழைப்பு. ஆறாம் ஆக்கத்தில் அது வெறும் எண். முகமும் இல்லை, ஊரும் இல்லை.

2025இல் வெளிவந்த ஏழாம் ஆக்கத்திற் சோழர் ஆடுதற்குரிய நாகரிகமாக இடம்பெற்றுள்ளனர். கடல் கடந்து படை அனுப்பியோர்க்கு ஆசனம் கிடைத்தமை அவ்விளையாட்டின் இயல்புக்கு ஒத்ததே.