விருத்தமும் கட்டமும்

ஒலிப்பதிவு மென்பொருளைப் புதியவர்க்குக் கற்பிப்போர் திரையிலுள்ள பொத்தான்கள் அனைத்தையும் முதல்நாளே விளக்க முற்படுவர். இடர்ப்பாட்டின் வேர் அதனினும் ஆழமானது. அப்பிள் நிறுவனம் 2004இல் வெளியிட்ட கராஜ்பாண்ட், நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கெண்ணித் தாளம் என்னும் கட்டத்தைத் தானாகவே விரித்து வைக்கின்றது. ஊர்காவற்றுறையின் கத்தோலிக்கக் கூத்தைக் கேட்டு வளரும் மாணவனோ விருத்தத்தைத் தாளமின்றி நீட்டிப் பாடுவான். கோடுகளோடு அது பொருந்தாமை கண்டு தன் பாட்டே பிழையென மயங்குவான். அண்ணாவியார் திருத்தாத இடத்தை இயந்திரம் திருத்த முனைவது விந்தையே. ஆதலின் பதிதல், கேட்டல், வெட்டல் ஆகிய மூன்றையே முதலிற் பயிற்றுதல் தகும். 2000இல் வெளிவந்த ஓடாசிற்றி இதற்குப் போதும். அது இலவசமானது, வினாடிக் கணக்கையே இயல்பாகக் காட்டுவது. விருத்தம் முடிந்து தாளப்பாட்டுத் தொடங்குமிடத்திற் கட்டத்தைத் திறந்து காட்டின், அதன் பயனும் மாணவனுக்கு விளங்கும்.